ஈரம் யாருக்காக

மயிலாப்பூர்
6 அக்டோபர் 2024

ஹம்சாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் சம்பிரதாயத்துக்கு எழுதியதாக நினைப்பாய். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. இடது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் கழுத்து வலி இப்போது எப்படி என்று தெரியவில்லை.

மந்தவெளி தபால் நிலையத்தில் உறை கேட்டபோது அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் நீ பெட்டியுடன் வாசலில் நின்று சொன்னது நினைவிருக்கிறது. "எனக்கு ஏதாவது சொல்லணும்னா பேப்பர்ல எழுது. பேப்பர்ல எல்லாருக்கும் அனுப்பற பட்டன் கிடையாது." அதன்படியே தாளில் எழுதுகிறேன்.

விஷயம் ஈரத்தைப் பற்றியது. கணினித் திரையில் வரைய ஒரு மென்பொருள், அதன் மூலநிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம், காசு கிடையாது என்று நாம் இருவரும் இந்த வீட்டு முன்னறையில் ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. இன்று பதினோரு நாட்டுக்காரர்கள் அதில் கைவைக்கிறார்கள். ஒருவன் புகைப்படம் திருத்த வசதி கேட்கிறான். ஒருத்தி கார்ட்டூன் ஓட்ட வேண்டும் என்கிறாள். ஒரு பள்ளி ஆசிரியர் விடைத்தாள் திருத்தச் சிவப்புப் பேனா கேட்டு மூன்று முறை எழுதிவிட்டார். எதையும் மறுக்க நம்மிடம் ஒரு அளவுகோல் இல்லை. அதனால் முகப்பில் ஒரு பத்தி வைப்பது என்று தீர்மானம்: ஈரம் என்ன, யாருக்காக, எது அதன் வேலை அல்ல.

இப்போது பொறுப்பில் இருப்பவன் ஃபராஸ். திருவல்லிக்கேணி ஃபராஸ், நம் வீட்டில் பிழை திருத்த வந்து மூன்று தம்ளர் காப்பி குடிப்பானே, அவன்தான். வரைவை அவன் எழுதியிருக்கிறான். நம் மின்னஞ்சல் குழுவின் பழைய மடல்களைத் தோண்டி, நிறுவியவரே சொன்னது என்று ஒரு வரியை எடுத்து நடுவில் வைத்திருக்கிறான். எந்த மடல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நோக்கத்தை மாற்றவோ வகுக்கவோ ஆரம்பித்த இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. 2006-ல் அதை எழுதியவர்கள் நாம்தான். நாம் இருவரும் ஒத்துப்போகாத நாள் ஒன்று வரும் என்று அப்போது தோன்றவில்லை. உன் சம்மதம் வேண்டும். பிப்ரவரி முடிவதற்குள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்ரீரங்கன்


அடையாறு
22 அக்டோபர் 2024

ஸ்ரீரங்கனுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். கழுத்து வலி இருக்கிறது, பழகிவிட்டது. சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அல்லது அந்த டாக்டருடனும் பேச்சுவார்த்தை இல்லையா?

ஃபராஸ் எடுத்த வரி எது என்று எனக்குத் தெரியும். ஆயினும் அவன் எழுதியபடியே முழுதாக அனுப்புங்கள். படிக்காமல் சம்மதிக்க முடியாது.

நான் ஒரு பாடநூல் பதிப்பகத்துக்கு அறிவியல் படங்கள் வரைகிறேன். தவளையின் இதயம், மாங்கொட்டையின் குறுக்குவெட்டு, நீர்ச்சுழற்சி. மாதம் நாற்பது படம் முடித்துக் கொடுக்கிறேன். எதில் வரைகிறேன் என்று கேட்க வேண்டாம்.

தீபாவளிக்கு நிறைய இனிப்பு சாப்பிட வேண்டாம்.

ஹம்சா


மயிலாப்பூர்
28 அக்டோபர் 2024

ஹம்சாவுக்கு,

உன் கடிதம் வந்ததில் உடம்பு கொஞ்சம் தேறியது என்று எழுதினால் மிகை என்பாய். தேறியது.

'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். வங்கி மேலாளருக்கு எழுதுவதுபோல் இருந்தது. இருக்கட்டும்.

ஃபராஸின் பத்தி இது: "ஈரம் ஒரு ஓவிய மென்பொருள். வெற்றுத் திரையில் தொடங்கி, படத்தை முடிக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. புகைப்படம் திருத்துவது, எழுத்து வேலை, பள்ளி வேலை இதன் நோக்கம் அல்ல." அந்த மடலில் நான் உனக்கு எழுதிய இரண்டு வரிகளில் இரண்டாவதை மட்டும் எடுத்திருக்கிறான். முதல் வரி 'இதை உனக்காக எழுதவில்லை' என்பது. அதை மரியாதைக்காக விட்டிருக்கிறான். குழுவில் எல்லோருக்கும் வரைவு பிடித்துவிட்டது. கச்சிதமாக இருக்கிறதாம்.

நேற்று பாண்டி பஜார் பக்கம் ஒரு ஹோட்டலில் அவனைப் பார்த்தேன். என்னைச் சுவர் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்து, "சீனியருக்கு அங்கதான் ஃபேன் வரும்" என்றான். 2011-ல் பெங்களூரு கருத்தரங்கில் தன் பெயரை என் பெயருக்கு மேலே போட்டுக்கொண்டவன். அதை நான் மறக்கவில்லை. அவனுக்கும் தெரியும்.

தோசை வருவதற்குள் ஆரம்பித்தான்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"முதலில் கேளு."

"அந்த மெயில் நீங்க எழுதினது வியாழக்கிழமை சாயந்திரம். லிஸ்ட்ல வந்தது ஞாயித்துக்கிழமை காலைல. ரெண்டு தேதியும் கீழ போட்டு கீது. நடுவுல மூணு நாள் எங்க சார் போச்சு? போஸ்ட்மேன் லீவா?"

"சர்வர் பழுதாக இருந்திருக்கும்."

"நம்ம சர்வரா? அது என் நிக்காஹ் அன்னிக்குக்கூட படுக்கல சார்."

சிரித்தான். நானும் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டான். பில்லை அவனே கொடுத்தான், நான் கேட்காமலே.

அந்த மடல் குழுவுக்குப் போனது தவறுதலாக நடந்தது என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். எல்லோருக்கும் பதில் என்கிற பொத்தானும் உனக்குப் பதில் என்கிற பொத்தானும் ஒட்டி ஒட்டி இருந்த காலம். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

வரிக்குச் சம்மதமா, மாற்ற வேண்டுமா? உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். தீபாவளியன்று இனிப்பு இங்கே யார் செய்யப் போகிறார்கள்.

ஸ்ரீரங்கன்


மயிலாப்பூர்
2 டிசம்பர் 2024

ஹம்சாவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும், மற்றது மெதுவாக வரட்டும்.

சனிக்கிழமை புயலில் இங்கே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். என் முழங்காலுக்கு அது ஒரு சாக்கு. அடையாறில் உன் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா? தொலைக்காட்சியில் வேளச்சேரியையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். உன் இந்திரா நகரை எவனும் காட்டவில்லை.

எங்கள் காவலாளி டில்லிபாபு தினமும் நான் தபால் பெட்டியைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று கேட்டுவிட்டான்.

"இன்னா சார், டெய்லி பொட்டியத் தொறந்து பாத்துகினே கீறீங்க. கோர்ட்டு நோட்டீஸா?"

"இல்லை. அடையாறிலிருந்து ஒரு கடிதம் வரணும்."

"அடையாறா? தோ, மந்தவெளில பஸ் ஏறினா அரை அவுரு. அதுக்கு இன்னாத்துக்கு நைனா ஸ்டாம்பு?"

பெட்டியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு ஒன்று எழுதியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், நீ போய் மூன்றரை மாதம் ஆகியிருந்தபோது, உன் தெருவில் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். செல்பேசி எதுவும் வேலை செய்யவில்லை. நடந்தே வந்தேன். கோட்டூர்புரம் பாலத்தை அடைத்துவைத்திருந்தார்கள். கயிறு கட்டி ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆறு பாலத்துக்கு ஒரு சாண் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டில் போயிற்று, பிறகு ஒரு கதவு. "அந்தப் பக்கம் யார் இருக்காங்க?" என்று அவர் கேட்டார். என் மனைவி என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர் என்றேன். "தெரிஞ்சவங்கன்னா நாளைக்கு வாங்க" என்றார். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுநாள் பாலம் திறந்தார்கள். நான் வரவில்லை.

தண்ணீர் வந்ததா என்று மட்டுமாவது எழுது.

ஸ்ரீரங்கன்


அடையாறு
12 டிசம்பர் 2024

ஸ்ரீரங்கனுக்கு,

தண்ணீர் வரவில்லை. மூன்றாவது மாடி, நான் நலம். மின்சாரம் இரண்டு நாள் இல்லாததால் ஆறாம் வகுப்புக்கான நுரையீரல் தாமதமாகிவிட்டது. முழங்காலோடு வெள்ளத்தில் நடக்க வேண்டாம்.

பாலத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன்.

ஃபராஸின் பத்திக்கு என் சம்மதம் இல்லை. 'வெற்றுத் திரையில் தொடங்கி' என்பது சரி, அதுதான் ஈரம். வேறு எங்கோ எடுத்த படத்தைக் கொண்டுவந்து ஒப்பனை செய்ய அல்ல, ஒன்றுமே இல்லாத இடத்தில் முதல் கோட்டைப் போட. பள்ளிக்கூடக்காரரின் சிவப்புப் பேனாவை மறுக்கவும் எனக்குச் சம்மதம். 'முடிக்கத் தெரிந்தவர்கள்' என்கிற இரண்டு வார்த்தைக்குத்தான் சம்மதம் இல்லை. ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியிருந்தால் விளக்கிப் பயனில்லை.

வேறு வரி வேண்டுமானால், முதலில் எதற்காக அதை ஆரம்பித்தீர்கள் என்று எழுதுங்கள். குழுவுக்கு எழுதுவதுபோல் அல்ல. எனக்கு எழுதுங்கள்.

ஃபராஸிடம் சர்வர் பழுது என்றா சொன்னீர்கள்? சரி.

மார்கழிக் குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். ஜலதோஷம் பிடித்தால் உங்களுக்குப் பங்குனி வரை போகாது.

ஹம்சா


மயிலாப்பூர்
20 டிசம்பர் 2024

ஹம்சாவுக்கு,

காதை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். சர்க்கரை நூற்றைம்பது. டாக்டருடன் பேச்சுவார்த்தை இருக்கிறது, இவர் புதியவர்.

2004 நவம்பர். மழை விட்டிருந்தது. நீ பால்கனியிலிருந்து மந்தவெளி பஸ் திரும்பும் இடத்தை வரைந்துகொண்டிருந்தாய். அண்ணாசாலையில் வாங்கிய அந்த மலிவான வரைபலகை, கூடவே வந்த மென்பொருள். ரோடு நனைந்திருந்தது. பஸ் போன தடத்தில் மட்டும் அதன் பின்விளக்குச் சிவப்பு கரைந்து கிடந்தது. அதை உன்னால் திரையில் கொண்டுவர முடியவில்லை. சிவப்பு சாம்பல் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. "ஸ்டிக்கர் ஒட்டினாப்பல இருக்கு ரங்கா. இதுல ஈரமே இல்லையே" என்றாய். பேனாவை வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாய்.

அப்போது நான் தி.நகரில் அந்தக் கம்பெனிக்குப் பிறர் எழுதிய நிரலின் பிழைகளை மேய்த்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி என் ஆய்வுப் பட்டம் பாதியில் நின்றதைக் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக் காட்டுவார். ஒரு வண்ணம் இன்னொன்றின் ஓரத்தில் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும், எப்போது காயும் என்பதற்கு ஒரு கணக்கு எழுத நாலு மாதம் ஆயிற்று. மார்ச்சில் ஒரு ஞாயிறு உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நீ ஒரு சிவப்புக் கோடு போட்டாய். அதன் பக்கத்தில் சாம்பல். இரண்டும் தொட்ட இடத்தில் மெதுவாகக் கலந்தன. நீ திரும்பத் திரும்ப அதையே போட்டுக்கொண்டிருந்தாய். குழம்பு தீய்ந்தது.

இதைத்தான் கேட்டாயா? எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்தவர்களைப் பற்றி எழுதினால் தாள் போதாது. நம் ஓரக் கணக்கை எடுத்துத் தன் மென்பொருளில் போட்டு விற்றவன் ஒருவன். நன்றி சொல்லாதவர்கள் நானூறு பேர் இருக்கும். எனக்குப் பட்டியல் உண்டு. உன்னையும் அந்தப் பட்டியலில் வைத்திருந்தேன். மந்தவெளிப் படத்தை நீ முடிக்கவேயில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் திறந்து, கொஞ்சம் தொட்டு, மூடிவிடுவாய். கருத்தரங்கில் காட்ட ஒரு முழுப்படம் கேட்டேன், தரவில்லை. 2015-ல் குழுவில் இருவரும் தூரிகையின் அளவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் சண்டை தூரிகையைப் பற்றியது அல்ல.

அந்த மடலைப் பற்றி உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அடுத்த முறை எழுதுகிறேன். இப்போது கை வலிக்கிறது.

உன் நுரையீரல் முடிந்ததா?

ஸ்ரீரங்கன்


அடையாறு
9 ஜனவரி 2025

ஸ்ரீரங்கனுக்கு,

நுரையீரல் முடிந்தது. சிறுநீரகத்துக்கு வந்திருக்கிறேன். உடம்பு பரவாயில்லை.

அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

2015 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் மடல் எனக்கு வந்தது. நான் முடிக்காத பதினோரு படங்களையும் சேர்த்து ஒட்டி ஒரே படமாக இணைத்திருந்தீர்கள். அடுத்த நிமிடமே இன்னொரு தகவல் வந்தது: இந்த மடல் குழுவுக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது, இணைப்பு பெரிதாக இருப்பதால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, மட்டுறுத்துநர் யாராவது பார்த்து அனுமதிக்கலாம் அல்லது நிராகரிக்கலாம். மட்டுறுத்துநர்கள் இரண்டே பேர். நீங்கள், நான். உங்களுக்கும் அதே தகவல் அதே நிமிடம் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அது ஆயிரத்து இருநூறு பேருக்குப் போயிற்று. மட்டுறுத்துநர் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'அனுமதித்தவர்: ஸ்ரீரங்கன்.'

அனுப்பியது தவறுதலாக இருக்கலாம். அதை நான் எப்போதும் நம்பினேன். அனுமதித்தது எப்படித் தவறுதலாகும்?

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பாதிதான். நிராகரி என்கிற பொத்தான் என் திரையிலும் மூன்று நாள் இருந்தது. அதை அழுத்த ஒரு நொடி ஆகும். அழுத்தவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஒரு பரீட்சை வைத்தேன், பரீட்சை நடக்கிறது என்று சொல்லாமல். வீட்டை விட்டு வந்த பிறகு இதை யாரிடமும் சொன்னதில்லை.

குளிர் இன்னும் விடவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹம்சா


மயிலாப்பூர்
17 ஜனவரி 2025

ஹம்சா,

உடம்பைப் பற்றி இன்று எழுதவில்லை.

நான்தான் அனுமதித்தேன்.

வியாழக்கிழமையே தகவலைப் பார்த்தேன். முதலில் நிராகரிக்கத்தான் போனேன். அப்போது நீ முன்னறையில் யாருடனோ தொலைபேசியில் சிரித்தாய். பிறகு செய்யலாம் என்று மூடிவைத்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க ஒரே வீட்டில் இருந்தோம், நீ முன்னறையில், நான் பின்னறையில். நீ வந்து ஒரு வார்த்தை கேட்பாய் என்று இருந்தேன். ஏன் இப்படி எழுதினாய் என்று கத்தினால்கூடப் போதும், அதை அழித்துவிடலாம் என்று. சனிக்கிழமை நீ அடை வார்த்தாய். "அடை ஆறிண்டிருக்கு" என்றாய். மூன்று நாளில் நீ பேசியது அந்த ஒன்றுதான். இவ்வளவு எழுதியும் இவளுக்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நீ காய்கறி வாங்கப் போயிருந்தபோது அழுத்தினேன்.

அழுத்தின கையோடு திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். போனது போனதுதான். காப்பகத்திலிருந்தாவது நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. நம் காப்பகத்தில் எதையும் அழிப்பதில்லை என்று நமக்கு ஒரு கொள்கை உண்டல்லவா. அதைச் சொல்லி ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

உன் பொத்தானைப் பற்றி எழுதியிருக்கிறாய். நீ அழுத்தாததை என் பட்டியலில் சேர்க்கப் பார்த்தேன். பழக்கம். சேரவில்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. வீட்டுக்கு வா என்றும் எழுதவில்லை. எழுத உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பால்கனிக் கதவு மழையில் ஊதிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. நீ இருந்தபோது அதை லேசாகத் தூக்கித் தள்ளுவாய், திறக்கும். எனக்கு அந்த வித்தை இன்னும் வரவில்லை.

ஸ்ரீரங்கன்


மயிலாப்பூர்
12 பிப்ரவரி 2025

ஹம்சாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் வரவில்லை. அதற்கு நான் குறைசொல்லப் போவதில்லை, இந்த ஒரு தடவை.

ஃபராஸ் அவசரப்படுத்துகிறான். 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அதே பாண்டி பஜார் ஹோட்டலில் பத்தியை முடிவுசெய்ய வேண்டும், நாம் இருவரும் வர வேண்டும் என்கிறான். அவனிடம் சர்வர் பழுது இல்லை என்று சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்தான். "உடுங்க சார். அந்த வரிய நான் எடுத்துடறேன். ஆனா அந்த எடத்துல இன்னா போடறது?" என்றான். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு காரியம் செய்திருக்கிறேன். மட்டுறுத்துநர் பொறுப்பிலிருந்து என்னை நானே நீக்கிக்கொண்டேன். இனி குழுவில் நான் மற்றவர்களைப்போல் ஓர் உறுப்பினன். இரண்டாவது, இன்று குழுவுக்கு ஒரு மடல் எழுதினேன். 2015-ல் வந்த மடல் தவறுதலாக வரவில்லை, மூன்று நாள் நிறுத்தி வைத்திருந்து நானே என் கையால் அனுமதித்தேன், அதில் ஹம்சாவைப் பற்றி எழுதியது பொய், ஈரம் அவள் வரைவதற்காகத்தான் எழுதப்பட்டது என்று. கூடவே மந்தவெளிப் படத்தையும் இணைத்தேன், என்னிடம் இருக்கும் கடைசிப் பிரதி. எல்லோர் முன்னாலும் செய்ததை எல்லோர் முன்னாலும்தானே சரிசெய்ய வேண்டும்.

இணைப்பு பெரிது என்று குழு அதை நிறுத்தி வைத்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம். இப்போது அதை அனுமதிக்கக் கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். நீ குழுவின் சாவியை ஒன்பது வருடமாகத் திருப்பித் தரவில்லை என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

கழுத்துக்குத் தலையணை வைத்துப் படுக்காதே.

ஸ்ரீரங்கன்


அடையாறு
15 பிப்ரவரி 2025

ரங்கா,

நலம். தலையணையை எடுத்துவிட்டேன்.

நிராகரித்த தகவல் உனக்கு இன்று காலை வந்திருக்கும். பார்த்துவிட்டு என்னைப் பழைய பட்டியலில் திரும்பச் சேர்த்திருப்பாய். இந்தக் கடிதம் வரும்வரை பேனாவை மூடிவைத்திரு.

உன் மடல் புதன்கிழமை சாயங்காலம் என் திரைக்கு வந்தது. மூன்று நாள் வைத்திருந்தேன். வேலை இருந்தது. சரி, வேலை இல்லை. மூன்று நாள் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று பார்த்தேன். நன்றாக இல்லை. உனக்கும் நன்றாக இருந்திருக்காது.

வியாழக்கிழமை அனுமதித்துவிடலாம் என்று பொத்தான் வரை போனேன். ஆயிரத்து இருநூறு பேர் படிக்கட்டும், ஃபராஸ் படிக்கட்டும், பெங்களூருக்காரர்கள் படிக்கட்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. பிறகு உன் மடலை இன்னொரு முறை படித்தேன். 'ஈரம் அவள் வரைவதற்காகத்தான் எழுதப்பட்டது' என்று இருந்தது. அவள். இருபது வருடத்தில் இதை நீ என்னிடம் சொன்னதில்லை. திட்டும்போது உனக்காக இல்லை என்று என்னிடம் சொல்லத் தெரிந்தது. இதை மட்டும் ஊருக்குச் சொல்லப் பார்க்கிறாய். ஊர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? இன்னும் பத்து வருடம் கழித்து யாராவது காப்பகத்தைத் தோண்டி முகப்பில் வைப்பான்.

நிராகரித்தால் காரணம் கேட்டு ஒரு கட்டம் வருமே, அதில் எழுதினேன்: 'இது குழுவுக்கு உரியது அல்ல. உரியவருக்குக் கிடைத்துவிட்டது.'

ஃபராஸிடம் கொடுக்க வேண்டிய பத்தி இது. "ஈரம் ஒரு ஓவிய மென்பொருள். வெற்றுத் திரையில் முதல் கோட்டிலிருந்து வரைய விரும்புகிறவர்களுக்கானது. படத்தை முடிப்பதும் முடிக்காமல் வைத்திருப்பதும் அவரவர் விருப்பம். புகைப்படம் திருத்துவது, எழுத்து வேலை, விடைத்தாள் இதன் நோக்கம் அல்ல." ஒரு எழுத்தும் மாறக் கூடாது. மாற்றினால் இரண்டாவது கையெழுத்து கிடையாது.

எதில் வரைகிறேன் என்று நீயும் கேட்கவில்லை. ஈரத்தில்தான், 2015-ல் நிறுவிய பதிப்பில். அதற்குப் பிறகு ஓரங்களை வேகமாகக் காயவைக்கிறீர்கள். யாரோ கேட்டார்கள் போலிருக்கிறது. சிறுநீரகத்துக்கு அது பரவாயில்லை, மழை ரோட்டுக்குச் சரிப்படாது. மந்தவெளிப் படம் என்னிடமும் இருக்கிறது. போன வாரம் திறந்தேன், பஸ் பின்விளக்கைக் கொஞ்சம் தொட்டேன், மூடிவிட்டேன்.

23-ஆம் தேதி வருகிறேன். ஃபேன் வரும் நாற்காலியை எனக்கு விடு. கையெழுத்து போட்ட பிறகு ஃபராஸைச் சீக்கிரம் அனுப்பிவிடு, அவன் மூன்று காப்பி குடிப்பான்.

அன்றைக்குக் கோட்டூர்புரம் பாலத்தில் நின்றாயே, அதைப் பற்றி நான் பதிலே எழுதவில்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அந்தக் கட்டில், கதவு, போலீஸ்காரர் கேட்டது, நீ சொன்னது, ஒரு மணி நேரமும் வரிசையாக, ஒன்று விடாமல், எனக்கு உன் வாயால் சொல்.

ஹம்சா